படிவத்தில் மூன்று பேர்

ஓசூர், 12.3.2007

சுப்ரியாவுக்கு,

காரியம் முடிந்த மறுநாள் ஊத்தங்கரைக்கு உன் அம்மா வீட்டுக்குப் போனாய், இன்னும் ஒரு போன்கூட இல்லை. சாப்பிடுகிறாயா?

லடாக் போக மே மாதம் லீவு கிடைத்துவிட்டது. பனியைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று நம் பையன் ஃப்ரீசருக்குள் கைவைத்துப் பழகினானே, நீ திட்டினாயே, அதே லடாக்தான். நாம் இரண்டு பேராவது போய் வரலாம்.

கம்பெனியில் குடும்பப் பயணச் சலுகைப் படிவத்தை வருஷா வருஷம் எழுதுவதுபோலவே எழுதிவிட்டேன். ஆபீஸில் சரோஜம்மா பார்த்துவிட்டு, "அண்ணா, மூணு பேர் போட்டிருக்கீங்க. பையன் பேரை நீங்களே அடிச்சுக் குடுத்துருங்க" என்று பேனாவை நீட்டினார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

பேனாவை வாங்கினேன். பெயரை அடிக்க மனம் வரவில்லை. வயதை மட்டும் திருத்திக் கொடுத்தேன். ஒன்பது என்று எழுதியிருந்தேன். மே மாதம் அவனுக்குப் பத்து ஆகிவிடுமே.

அவன் அப்பா