சாந்துக் குச்சியால் தட்டிய நூற்றெட்டு

உன் கைக் கம்ப்யூட்டர் என் மடிக்கு வந்து சேர்ந்தபோது இங்கே இருந்தவர்கள் மூன்று பேர். நான், சென்னையிலிருந்து வந்திருக்கும் உன் மகள், கூடத்துச் சுவரில் கோமதி அம்மன். என் வீட்டுக்காரர் பால் வாங்கப் போயிருந்தார், அதனால் அவரைச் சேர்க்கவில்லை. அம்மனைச் சேர்த்துத்தான் எழுதுகிறேன். எனக்கு ஒரு சாட்சி வேண்டியிருக்கிறது.

"பெரியம்மா, பீரோவுக்குள்ள கெடந்துச்சு. புது பேட்டரி தேடிப் போட்டேன், முழிச்சிட்டு. உள்ள அம்மா எழுதினது எல்லாம் அப்படியே இருக்கு" என்றாள்.

"எனக்கு எதுக்கு மக்கா?"

"அம்மா சொல்லுவா, இதை ஒழுங்கா வச்சுக்கிட ஒங்க பெரியம்மாவாலதான் முடியும்னு."

செத்த பிறகும் நல்ல பெயர் வாங்க உனக்குத்தான் தெரியும். இதை நான் வயிறெரிந்துதான் எழுதுகிறேன், மறைக்கவில்லை.

கறுப்பு உறையைப் பிரித்தேன். பக்கவாட்டில் பேனா செருகும் துளை வெறுமையாக இருந்தது. பேனாவுக்குப் பதில், ரப்பர் வளையம் போட்டு அந்தச் சாந்துக் குச்சியைக் கட்டி வைத்திருந்தாய். பொட்டு வைக்கும் சாந்துக் குப்பியின் மூடியில் ஒட்டிக்கொண்டு வரும் பிளாஸ்டிக் குச்சி. நீ எத்தனை கழுவியும் நுனியில் அந்த அரக்குச் சிவப்பு போகவே இல்லை. மூக்குக்கு அருகில் கொண்டுபோனால் இன்னும் லேசாகச் சாந்து வாசம். அந்த வாசத்தில்தான் எனக்கு எல்லாம் வரிசையாக வந்தது.

நீ புளியங்குடியிலிருந்து எங்கள் தெருவுக்குக் குடிவந்து இரண்டாவது வருஷம், வெளிநாட்டிலிருந்த உன் வீட்டுக்காரர் இதைக் கொண்டுவந்து கொடுத்தார். உள்ளங்கை அகலம்தான். மையில்லாத பேனாவால் திரையில் எழுதினால், எழுதியது உன் கையெழுத்தாகவே உள்ளே நிற்கும். பால் கணக்கு, கோலம், வெள்ளிக்கிழமை யார் வீட்டில் பாட்டு என்ற முறை, எல்லாவற்றையும் அதில் எழுதினாய். அதுவரை அந்த முறையெல்லாம் என் நோட்டில் இருந்தது. ஐந்தாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவள் நான். பஸ் போர்டையும் மாத்திரை அட்டையையும் படித்துப் படித்தே இங்கிலீஷ் எழுத்து பழகியவள். தெருவில் யாருக்கு என்ன தேதி வேண்டுமென்றாலும் என் வாசலுக்குத்தான் வருவார்கள். உன் மிஷின் வந்த ஒரே மாதத்தில் உன் வாசலுக்குப் போனார்கள்.

"யக்கா, நீயும் எழுதிப் பாரேன்" என்று என்னிடம் நீட்டினாய். என் பெயரை எழுதினேன். பேனா வழுக்கிக்கொண்டு போயிற்று. என் எழுத்து இவ்வளவு அழகா என்று எனக்கே ஆச்சரியம். நீ அதை அழிக்காமல் வைத்துக்கொண்டாய். எனக்கு அந்தப் பேனாவைத் திருப்பிக் கொடுக்க மனசே வரவில்லை. நான் உட்கார்ந்தால் ஒரு வாரத்தில் முழுசையும் கற்றுக்கொள்வேன், ஆனால் அது உன் வீட்டில் இருக்கிறதே என்று வீடு வரும்வரை பொருமினேன்.

பிறகு ஆடி வந்தது. கொடியேறியதிலிருந்து ஆடித்தபசுத் திருநாள் வரைக்கும் கோயிலைச் சுற்றி நூற்றெட்டு முடிப்பது நம் தெருப் பெண்களின் வழக்கம். ஒற்றைக் காலில் தவம் நின்ற அம்மனின் கால்வலியில் கொஞ்சத்தை நாம் வாங்கிக்கொள்கிறோம் என்று நம்பிச் சுற்றுகிறோம். கணக்குக்கு என்னிடம் நூற்றெட்டு புளியங்கொட்டை உண்டு. ஒரு சுற்று முடிந்தால் சிவப்புப் பையிலிருந்து ஒரு கொட்டை மஞ்சள் பைக்கு. என்னோடு சுற்றுகிறவர்களுக்கும் அதுதான் கணக்கு.

கொடியேற்றத்துக்கு முந்தின நாள் உன் வீட்டில் நீயும் நானும் செல்வி மதினியும் உட்கார்ந்திருந்தோம். ஒரு சுற்றுக்கு ஒரு தட்டு தட்டினால் திரையில் ஒன்று கூடும், மறுநாள் திறந்தாலும் அந்த எண் அப்படியே நிற்கும் என்று நீ காட்டினாய். மதினிக்கு வாய் சும்மா இருக்குமா? முழங்கால் வலி, தன்னால் சுற்ற முடியவில்லை என்ற ஆற்றாமையை எல்லாம் என் மேல் இறக்கினாள்.

"ஏட்டி, இனிமே உன் கொட்டைய வறுத்துத் தின்னு. கம்ப்யூட்டர் வந்துட்டு!"

நீ சிரித்தாய். அவள் சொன்னதற்கு யாராக இருந்தாலும் சிரித்திருப்பார்கள். ஆனால் நீ சிரித்தது எனக்கு வலித்தது. நீ காபி போட உள்ளே போனாய், மதினி கொல்லைப்புறம் போனாள். பேனா மேசை மேல் இருந்தது. எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டேன். காபியையும் குடித்துவிட்டுத்தான் வந்தேன்.

எடுத்தது நான்தான். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

மறுநாள் நீ தேடித் தேடி ஓய்ந்து, கணக்கை என்னிடம் ஒப்படைப்பாய் என்று கொட்டைப் பையோடு காத்திருந்தேன். நீ சாந்துக் குச்சியோடு வந்தாய். அதுவும் எந்தச் சாந்து? என் முறை வெள்ளிக்கிழமையில் வெற்றிலை பாக்கோடு நான் வைத்துக்கொடுத்த குப்பி!

"பேனா எங்கனயோ போய்ட்டு யக்கா. விரல் பட்டா ரெண்டு மூணு இடத்துல அமுங்குது. ஊசி கீறிரும். பொட்டு வைக்கும்போது தோணுச்சு, இதை வச்சுத் தட்டிப் பாப்போம்னு. கேக்குது!"

பிரகாரத்தில் மதினி வருகிறவர் போகிறவரையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினாள். "எம்மா, சாந்துக் குச்சியிலயே கம்ப்யூட்டர் ஓட்டுதா பாத்தியளா! இவளுக்கு வெளக்குமாத்துக் குச்சிய குடுத்தாலும் ஓட்டிருவா!" பேனாவோடு நீ இருந்தபோது அது வீட்டுக்காரர் வாங்கிக்கொடுத்த பெருமை. பேனா இல்லாமல் நீ ஓட்டியது உன் சொந்தப் பெருமை. அதை உனக்குச் சம்பாதித்துக் கொடுத்தவள் நான். உன் பேனா அப்போது என் சிவப்புப் பைக்குள், கொட்டைகளுக்கு நடுவில் படுத்திருந்தது.

உன் வீட்டுக்காரர் போனில் புதுப் பேனா அனுப்பட்டுமா என்று கேட்டாராம். வேண்டாம் என்றாயாம். ஏன் என்று கேட்டேன். "இதுவே போதும். அந்தப் பேனா எங்கயும் போயிருக்காது யக்கா. என்னைக்காவது வரும்" என்றாய். அப்போது நீ என்னைப் பார்த்தாயா, தூணைப் பார்த்தாயா என்று இன்றுவரை எனக்கு நிச்சயமில்லை.

பன்னிரண்டு நாளும் நாம் இருவரும் ஒன்றாகத்தான் சுற்றினோம். அந்த வருஷம் நீ வேகமாக நடக்கவில்லை. என்ன வேண்டுதல் என்றால், "சும்மாதான்" என்பாய். அதைக்கூட எனக்குச் சொல்லமாட்டாயா என்று அதற்கும் ஒரு கோபம். தபசு அன்று காலையில் நீ நின்று, திரையை எனக்குக் காட்டினாய். நூற்றெட்டு. என் சிவப்புப் பையில் கையை விட்டேன். பேனா தட்டுப்பட்டது. அதன் பக்கத்தில் இரண்டு கொட்டை மிச்சம் இருந்தது.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. சாந்துக் குச்சியின் நுனி தடிமன். எப்போதோ இரண்டு தடவை, ஒரு தட்டு இரண்டாக விழுந்திருக்கிறது.

நீ என்ன செய்தாய் தெரியுமா? அத்தனை பேர் மெச்சிய அந்த மிஷினை மூடிவிட்டு என்னைக் கேட்டாய். "யக்கா, இது கெடக்கட்டும். ஒன் கொட்டை என்ன சொல்லுது? நீ சொன்னாத்தான் எனக்குச் சரி."

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நான் அத்தனை நாளும் வெந்துகொண்டிருந்தேன். வந்த நேரத்தில் என்னால் வாங்கிக்கொள்ள முடியவில்லை. இரண்டு குறைகிறது என்றால் ஏன் என்று பேச்சு வரும். குச்சியால் என்றால் பேனா எங்கே என்று வரும். மதினி பத்தடி தூரத்தில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பயம் பாதி. உனக்குக் குறையட்டுமே என்ற எண்ணம் மீதி. அம்மன் சாட்சியாக அதையும் எழுதிவிடுகிறேன்.

"நூத்தெட்டு. சரியா இருக்கு" என்றேன்.

நீ அம்மன் சன்னதியைப் பார்த்துக் கும்பிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டாய்.

மறுநாள் விடியற்காலை நான் மட்டும் கோயிலுக்குப் போய் மிச்சமிருந்த இரண்டு சுற்றையும் முடித்தேன். எனக்கு மட்டும். உனக்குச் சொல்லவில்லை. அதன் பிறகு பேனாவைத் திருப்பித் தரவும் வழியில்லாமல் போயிற்று.

மார்பில் கட்டி என்று நீ சொன்னது ஐப்பசியில். ஆடியிலேயே உனக்குத் தெரியும் என்றும், வேண்டுதல் அதற்குத்தான் என்றும் அன்றைக்குத்தான் சொன்னாய். மூன்று வருஷம் இருந்தாய். கோயிலில் கொடுக்கும் புற்றுமண்ணைக் குழைத்து உனக்குப் பூசிவிடும்போதெல்லாம் என் வாயில் இந்த இரண்டு சுற்று வந்து நிற்கும். விழுங்கிவிடுவேன். நீ போன அடுத்த ஆடியிலிருந்து நான் நூற்றுப்பத்து சுற்றுகிறேன். நூற்றெட்டு எனக்கு, இரண்டு உனக்கு. பதினோரு வருஷமாயிற்று. இப்போது எனக்கும் முழங்கால் போய்விட்டது. கடைசி இரண்டு சுற்றில் கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறேன்.

உன் மகள் பஸ்ஸுக்குக் கிளம்பிய பிறகு மிஷினைத் திறந்தேன். உன் பேனா என்னிடமே இருக்கிறது, ஆனால் அதைத் தொடக் கை வரவில்லை. சாந்துக் குச்சியால்தான் தட்டினேன். கோலங்கள் இருந்தன. நான் எழுதிய என் பெயர் இருந்தது. அதற்கு அடுத்த பக்கத்தில் உன் எழுத்து. குச்சியால் எழுதியதால் கொஞ்சம் தடித்து, கோணலாக:

"பூ வாங்கிட்டு கோயிலுக்குப் போனேன். யக்கா தனியா சுத்திக்கிட்டு இருந்தா. ரெண்டு சுத்து. முடிச்சதும் ரெண்டு கொட்டைய மஞ்சப் பையில போட்டா. அப்ப எனக்கும் ரெண்டு குறையுது. அவ கணக்கு தப்பாது. பின்னாலயே நானும் ரெண்டு சுத்திட்டேன். கூப்பிடல."

மூன்று தடவை படித்தேன். அந்த விடியலில் நீ எனக்கு எத்தனை அடி பின்னால் வந்தாய்? நான் ஒரு தடவை திரும்பியிருந்தால் பார்த்திருப்பேனே. உன் வேண்டுதல் குறையவில்லை என்று தெரிந்ததும் முதலில் நெஞ்சு லேசாகிவிட்டது. அழுதேன். பொய் சொல்லவில்லை. ஆனால் அது கால் மணி நேரம்தான். அப்புறம் பழைய எரிச்சல் வந்துவிட்டது. உனக்காக என்று நான் பதினோரு வருஷம் நொண்டி நொண்டிச் சுற்றினேனே, அதை நீ அன்றைக்கே உன் காலால் முடித்து வைத்துவிட்டாய். நான் செய்த தப்புக்கு நான் படுகிற பாட்டைக்கூட எனக்கென்று விட்டுவைக்கவில்லை. நானாக இருந்தால் அந்தப் பிரகாரத்திலேயே நாலு பேரைக் கூட்டிக் கேட்டிருப்பேன். நீ கூப்பிடக்கூட இல்லை. அது உனக்கு எப்படி வந்தது? சாந்துக் குச்சியில் மிஷின் ஓட்டியதைவிட எனக்கு அதில்தான் பொறாமை.

எல்லாப் பக்கத்தையும் தட்டித் தட்டிப் பார்த்தேன். பேனாவைப் பற்றி ஒரு எழுத்து இல்லை.

சிவப்புப் பையைக் கொட்டி உன் பேனாவை எடுத்தேன். துடைத்து அதன் துளையில் செருகினேன். சின்னதாக ஒரு சத்தத்தோடு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. நீ சொன்ன மாதிரியே வந்துவிட்டது. சாந்துக் குச்சியைக் கொட்டைகளோடு என் பையில் போட்டிருக்கிறேன். இதைத் திருட்டு என்று எழுதிக்கொள்ளாதே, மாற்றாகப் பேனாவை வைத்துவிட்டேன்.

கொடியேற இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. உனக்கு இரண்டு சுற்று பாக்கியில்லை என்று ஆகிவிட்டது. ஆனால் பேனாவுக்கு நான் இன்னும் ஒன்றுமே செய்யவில்லை. பேனா என்னிடம் இருந்தது உனக்கு அப்போதே தெரியுமா? இந்த வருஷம் நான் நூற்றெட்டோடு நிற்கவா, நூற்றுப்பத்து சுற்றவா? கனவில் வந்தாலும் சரி, எப்படியானாலும் சரி, கொடியேறுவதற்குள் பதில் சொல்லு.