மடையான்களைப் பறக்கவிட்ட நாள்

பெரிய காஞ்சிபுரம்,
ஜூலை 20

அன்பு மகள் கீர்த்திக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் இங்கே நடமாட்டத்துக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் டொரோண்டோவில் நோய்நொடி இல்லாமல் இருக்க ஏகாம்பரநாதர் துணை. போனில் சொன்னால் பாதியில் அழுதுவிடுவாய், நானும் நிறுத்திவிடுவேன், அதனால்தான் தாளில் எழுதுகிறேன், கடைசிவரை படி.

பொங்கலுக்கு வந்தபோது தாமல் ஏரியில் நீ எடுத்து நெட்டில் போட்டாயே, கண்ணைத் தைத்த மடையான் கொக்கைக் கையில் பிடித்துக்கொண்டு பறவை பிடிக்கிற முருகேசன் நிற்கிற படம், அது நீ ஊருக்குப் போன நான்காம் நாள் டிவியில் வந்தது. நீ என் மகள் என்று தெரிந்துதான் அவன் சிரித்துக்கொண்டு நின்றான். மறுநாளே வனத்துறை ஜீப் வந்து அவனையும், வீட்டுக்குப் பின்னால் கட்டியிருந்த ஆறு குருட்டு மடையான்களையும் பிடித்தது. அவற்றைத் தண்ணீர் ஓரம் கட்டிவைத்தால் பார்த்துவிட்டு மற்றவை இறங்கும், கண்ணியில் மாட்டும், அதுதான் அவன் பிழைப்பு. அன்றைக்கே ஏரிக்கரை திருவிழா மாதிரி ஆகிவிட்டது. கட்சிக்காரர் ராமராஜன், தன் மகள் கல்யாண விருந்துக்குக் கூடை கூடையாக முருகேசனிடம் பறவை வாங்கினவர், உன் படத்தைப் பேனர் அடித்துக்கொண்டு வந்து, பறவைகளை நானே விடுகிறேன் என்றார். முருகேசன் கையைக் கூப்பிக்கொண்டு, "தச்ச எனக்குத்தான் சார் பிரிக்கத் தெரியும். பத்து நிமிசம் குடுங்க, கண்ணு கெடாம பிரிச்சிக் குடுக்கறேன்" என்றான். ராமராஜன் எல்லோர் முன்னாலும் அவனை அறைந்தார், ஜனங்கள் கைதட்டினார்கள். அப்புறம் ஒவ்வொன்றாக மேலே வீசினார். கண் தெரியாதது எங்கே போகும். மூன்று தண்ணீரில் விழுந்து முழுகின, இரண்டை நாய்கள் கவ்விக்கொண்டு போயின, ஒன்று பேனரில் மோதி விழுந்தது, யாரோ அதைக் காலால் ஓரம் தள்ளினார்கள். நீ பார்த்த வீடியோ வீசின வரைக்கும்தான்.

அடுத்த வாரம் வனத்துறைக்காரர் நம் வீட்டுக்கு வந்தார். கண்ணைத் தைத்தது பட்டு நூல், எங்கிருந்து போனது என்று கேட்டார். இருபது வருடமாக நம் தறியில் அறுந்த நூலை முருகேசனுக்குக் கொடுத்தது நான்தான் கீர்த்தி. என்னத்துக்கு என்று தெரிந்தேதான் கொடுத்தேன். பதிலுக்கு அவன் பறவை கொண்டுவருவான். சின்ன வயதில் உனக்கு மூச்சிழுப்பு வந்தபோதெல்லாம் சமைத்துப் போட்டது மடையான் கறி, கோழி என்று சொன்னோம், நீ எலும்பைக்கூட விடமாட்டாய். இதைச் சொன்னால் நானும் கூட்டாளி, உன் பேரும் நாறும். முகம் மட்டும் தெரிந்த ஆள்தான், நூலைத் திருடியிருப்பான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். இப்போது அவன்மேல் திருட்டு வழக்கும் சேர்ந்துவிட்டது.

ஜாமீனில் வந்தவனுக்கு ஊரில் யாரும் வேலை கொடுப்பதில்லை. போன வெள்ளிக்கிழமை அவன் பெண்சாதி பொன்னி வாசலில் வந்து நின்றாள். திட்டவில்லை. "அவரு பண்ணது பாவந்தாண்ணா, இல்லன்னு சொல்லல. திருடன்னு எழுதிட்டீங்களே. பாப்பாகிட்ட சொல்லி அந்தப் படத்தயாச்சும் எடுக்கச் சொல்லுங்க, போற எடமெல்லாம் செல்லுல காட்டிச் சிரிச்சிக்கினு இருக்கறாங்க" என்றாள். அம்மா சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள், அம்மாவை உள்ளே போகச் சொல்லிவிட்டு, பொன்னி நிற்கும்போதே நான் கதவைச் சாத்தினேன். அன்றிலிருந்து அம்மா என்னோடு பேசுவதில்லை, தட்டை மட்டும் வைத்துவிட்டுப் போகிறாள். படத்தை நீ நெட்டிலிருந்து எடுக்காதே, இப்போது எடுத்தால் சந்தேகம் வரும்.

அடுத்த மாதம் பதினான்காம் தேதி கோர்ட்டில் என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். முருகேசன் எதிரில் நிற்பான். எழுதிக் கொடுத்ததையே சொல்வேன், வேறு சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. வேளைக்குச் சாப்பிடு, வேலை வேலை என்று உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே, இரண்டு பேரும் நீண்ட ஆயுசோடு நன்றாக இருங்கள். இதைப் படித்ததும் கிழித்துவிடு, மாப்பிள்ளைக்குக் காட்டாதே. பதினான்காம் தேதி மட்டும் போன் பண்ணாதே.

உன் அப்பா,
கலியாணசுந்தரம்