ஏலக்கூடத்தில் ஒரு மஞ்சள் குல்லா

மதினி,

இன்று காலை டிரங்குப் பெட்டியைத் திறந்ததும் அந்துருண்டை வாசனை மூக்கில் ஏறியது. அடியில், நீங்கள் தைத்த மஞ்சள் குல்லா. கைக்குழந்தைக்குப் போடும் அதே நாடா வைத்த குல்லாதான். என் தலைக்கு அளவெடுத்ததால் நாட்டுப்படகுக்குப் பாய் கட்டும் அளவுக்குத் துணி பிடித்தது. எடுத்த கணமே எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ராமேசுவரம் தீவின் தலைசிறந்த மூன்று வயதுக் குழந்தை, நரைத்த மீசையோடு, மறுபடியும் அரங்கேறப் புறப்பட்டுவிட்டது!

அங்கன்வாடியில் நீங்கள் நடத்திய பிள்ளை வளர்ப்புக் கூட்டத்துக்கு முதலில் அம்மாக்கள் மட்டும்தானே வந்தார்கள்? அப்பாக்கள் கடலில். "பாதிப் பேருக்குச் சொல்லி என்ன ஆகப்போகுது கொழுந்தனாரே?" என்றீர்கள். மீன்பிடித் தடைக்காலம் வந்து படகுகள் கரையில் கட்டிக்கிடந்தபோது, மீனில்லாமல் சும்மா கிடந்த ஏலக்கூடத்துக்கே கூட்டத்தை மாற்றினீர்கள். அறிவுரை சொன்னால் ஆண்கள் எழுந்துபோய்விடுவார்கள் என்று என்னைப் பிள்ளையாக்கினீர்கள். நான் குல்லாவோடு தரையில் உருண்டு கஞ்சியைத் தட்டிவிடுவேன். நான் போட்ட கூச்சலில் தலைமன்னார்க் கலங்கரை விளக்கமே அணைந்துபோனதாகக் கேள்வி.

அப்பா வேடத்துக்கு வந்தவர் கையை ஓங்குவார்.

"ம், அடிங்க," என்பீர்கள்.

அவர் என் மீசையையும் தோளையும் பார்த்துக் கையை இறக்குவார். "இம்புட்டுப் பெரிய ஆளை எப்படி டீச்சர்?"

"பெரிய ஆளுன்னா கை தானா இறங்குதுல்ல? சின்னதுக்கிட்ட மட்டும் ஏன் ஓங்குது?"

நீங்களே தொடர்வீர்கள்: "மொதல்ல குத்தவச்சு உக்காருங்க. பிள்ளை கண்ணு உங்க கண்ணுக்கு நேரா வரட்டும். அப்புறம் பேசுங்க." உங்கள் பாடம் அவ்வளவுதான்.

ஊர் அப்பன்களெல்லாம் குத்தவைத்தார்கள். உங்கள் மகன் மட்டும் வரவில்லை. "எங்கம்மாவே எனக்கு டீச்சரா? ஊரு சிரிக்கும்," என்றான். விசைப்படகு ஓட்டுபவன், எஞ்சின் சத்தத்துக்கு மேல் கத்திப் பழகிய தொண்டை. வீட்டிலும் அதே தொண்டைதான். அவன் காலடி கேட்டாலே மகள் தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் ஒளிந்துகொள்வாள். "ஊருக்கெல்லாம் சொல்றேன், எம்பேத்தி ஒளியிறா," என்று கடைசிவரை உங்களை அரித்தது அதுதான்.

இது நீங்கள் இல்லாத முதல் தடைக்காலம். கூட்டத்தை நானே அறிவித்தேன். "ஐஸ் பெட்டி தூக்க ஆளில்லடா," என்று கூசாமல் பொய் சொல்லி அவனை வரவழைத்தேன். மருமகளும் பேத்தியும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். வந்தவனின் வெள்ளை வேட்டியில் குறி தவறாமல் கஞ்சியைக் கொட்டினேன்.

"சித்தப்பா! கண்ணு தெரியல? குல்லாவும் ஆளும்! எந்திரிங்க மொதல்ல!"

நடிப்பில்லை மதினி, நிஜக் கத்தல். கூரைத் தகரம் ஒரு முழம் எழும்பி உட்கார்ந்தது. நான் ஐஸ் பெட்டிக்குப் பின்னால் பாய்ந்தேன். ஊரே சிரித்தது. அப்போது பேத்தி ஓடிவந்து என் பக்கத்தில் சுருண்டுகொண்டாள். என் கையைப் பிடித்துக்கொண்டு எல்லாருக்கும் கேட்கும்படி ரகசியம் சொன்னாள்:

"தாத்தா, சத்தம் போடாம இருங்க. அப்பா கத்தி முடிச்சிட்டுப் போயிருவாரு."

சிரிப்பு அப்படியே நின்றது. நான் எட்டிப்பார்த்தேன். கஞ்சி சொட்டும் வேட்டியோடு உங்கள் மகன் மெல்லக் குத்தவைத்தான்.

"வா தாயி. அப்பா கத்தமாட்டேன்."

அவனுக்கு அவ்வளவு சின்னக் குரல் உண்டென்று எனக்கே தெரியாது. அவள் உடனே போகவில்லை. அவனை வெகுநேரம் பார்த்தாள். பிறகு என் தலையிலிருந்து குல்லாவைப் பிடுங்கிக்கொண்டு போய் அவன் தலையில் கவிழ்த்தாள். அவன் நாடாவைக் கட்டிக்கொண்டான்.

"அடுத்த கூட்டத்துல நாந்தான் பிள்ளை சித்தப்பா. நீங்க கையை ஓங்கிப் பாருங்க, கடிச்சு வச்சிருவேன்!"

மதினி, பதவி பறிபோன மன்னன் இவ்வளவு குதூகலித்ததாகச் சரித்திரத்தில் கிடையாது! நாளைக்கே அவள் டிரம்மை மறந்துவிடுவாள் என்று சொல்லமாட்டேன். குல்லாவை அவன் வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டான்.

எனக்கு மிஞ்சியது என் முழங்கால்கள்தான். எந்தப் பிள்ளையைக் கண்டாலும் அவை தாமாக மடங்கிவிடுகின்றன. எழுப்பத்தான் பாம்பன் பாலத்துக்குக் கொண்டுவந்த கிரேன் வேண்டும். இன்று கிரேன் தேவைப்படவில்லை. உங்கள் மகன் ஒரு கையும் பேத்தி ஒரு கையும் பிடித்துத் தூக்கிவிட்டார்கள்.