பெர்த்தில் கேட்கிறதா

11 ஏப்ரல் 1999, ஞாயிறு

பிரிக்ஃபீல்ட்ஸ் கடையைப் பூட்டிவிட்டுக் கிள்ளானில் அக்கா வீட்டுக்குப் போனேன். அக்கா மகள் குணபூசணி வாசலிலேயே மடக்கினாள்.

"மாமா, நீங்கதான கம்ப்யூட்டர் கிளாஸ் நடத்துறீங்க? என் கல்யாணத்த நெட்ல லைவா போட முடியுமா? படம் வேணாம். சத்தம் போதும்."

முடியும் என்று சொல்லிவிட்டேன். என் வாய் இருக்கிறதே! வேர்டும் எக்செலும் சொல்லிக்கொடுக்கிறவன் நான். நேரடி ஒலிபரப்புக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்?

யாருக்காக என்று நான் கேட்கவில்லை. அவள் அப்பா தியாகராசா அத்தான் ஆஸ்திரேலியாவில் பெர்த்துக்குப் போய் மகன் சிவா வீட்டில் உட்கார்ந்துகொண்டு தைப்பொங்கலிலிருந்து இந்த வீட்டோடு பேசுவதில்லை. மாப்பிள்ளை சுகுமாறன் ரவாங்கில் வாத்தியார், தங்கமான பையன். ஆனால் அவனுடைய தாத்தா கன்னையா ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். "எங்கட ஆக்கள் இல்ல." அத்தான் சொன்ன காரணம் அவ்வளவுதான். கவர்மெண்ட் உத்தியோகத்தில் ரிட்டையர் ஆனவர், யாழ்ப்பாணத்தைக் கண்ணால் பார்த்ததில்லை, ஆனால் கோபம் வந்தால் யாழ்ப்பாணத் தமிழ்தான்.

"அன்னைக்கு ஒரு போன் போட்டுக் குடுத்தா போதாதா?" என்றேன்.

"போன்னா அப்பா எடுக்கணும் மாமா. எடுத்தா பேசணும். இதுன்னா அவர் கேக்குறாருன்னு யாருக்கும் தெரிய வேணாம். அவருக்கும் மானம் போகாது."



18 ஏப்ரல்

செராஸில் இணைய கம்பெனி வைத்திருக்கும் ஜெயராஜ் தன் சர்வரில் ஓர் இடம் தருகிறான். மைக்கின் சத்தத்தைக் கம்ப்யூட்டர் வாங்கி, சுருக்கி, டெலிபோன் லைன் வழியாக அவன் சர்வருக்கு அனுப்ப வேண்டும். அங்கிருந்து யாரும் கேட்கலாம். சுருக்குகிற மென்பொருளுக்குப் பெயர் என்கோடர். இறக்கிப் போட்டேன். திறந்தேன். எங்கு பார்த்தாலும் பெட்டி பெட்டியாகக் கேள்வி. ஸ்டீரியோவா மோனோவா, என்ன வேகம், என்ன போர்ட்... பரீட்சை ஹாலில் தப்பான பேப்பரைக் கொடுத்த மாதிரி விழித்தேன்.

27 ஏப்ரல்

சத்தமே போகவில்லை. பகல் முழுவதும் "ஹலோ, ஹலோ, ஒண்ணு ரெண்டு" என்று கத்தியிருக்கிறேன். மைக்கை ஸ்பீக்கர் ஓட்டையில் சொருகியிருக்கிறேன். இதைக் கண்டுபிடித்தவள் என் மனைவி தவமணி. கம்ப்யூட்டரைத் துடைக்க மட்டுமே தொடுகிறவள்.

"இதுதான் அந்த லைவா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள். சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை.

2 மே

சிவா பெர்த்திலிருந்து மெயில் போட்டிருக்கிறான். கேட்டதாம்! கிணற்றுக்குள் பேசுவது மாதிரி, ஆனால் கேட்டதாம். நான் பேசி அரை நிமிஷம் கழித்துத்தான் அங்கே வருகிறதாம்.

ஆனால் கடைசி வரி: "அப்பா கேக்க மாட்டார் மாமா. இந்தப் பேச்சை எடுத்தாலே எழும்பிப் போயிடறார். நெட்டுக்கு இங்க தனி லைன் இருக்கு. நான் அன்னைக்கு ஹால்ல பிசியை ஆன் பண்ணி, அறுந்தாலும் தானா பிடிக்கிற மாதிரி வச்சுட்டு வெளிய போயிடறேன். அவ்வளவுதான் என்னால முடியும்." அவன் மனைவிக்கு இது நிறைமாதம். அவனாலும் வர முடியாது.

பூசணியிடம் முதல் பாதியை மட்டும் சொன்னேன்.

9 மே

கேட்காத மனிதனுக்காக நான் ஏன் இப்படிச் சாகிறேன்? அவர் கேட்காமல் போனால் அது அவர் பாவம். அவர் கேட்க உட்கார்ந்து, லைன் அறுந்து போனால்? அது என் பாவம். வேண்டுமென்றே அறுத்துவிட்டார்கள் என்றுதான் நினைப்பார். அவர் குணம் எனக்குத் தெரியாதா?

16 மே

கிள்ளான் மண்டபத்தில் ஒத்திகை. டெலிபோன் இருப்பது மேனேஜர் பழனியப்பனின் ஆபீஸ் அறையில், மணவறை இருப்பது எதிர்க்கோடியில். மைக் வயரைச் சுவரோரமாக இழுத்து டேப் ஒட்டினோம்.

"ஒத்த லைன்தான் சார். கல்யாணத்தன்னைக்கு காலையில உங்களுக்கு விட்டுர்றேன் லா, டோன்ட் வொர்ரி" என்றார் பழனியப்பன்.

நன்றாகவே போயிற்று. ஒரு தடவைகூட அறுக்கவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

22 மே

நாதஸ்வரக்காரரைக் கெஞ்சி ஒரு நிமிஷம் வாசிக்க வைத்தேன். என்கோடரில் சத்தத்தின் அளவைக் காட்டும் கோடு சிவப்புக்குப் போய் அங்கேயே நின்றுவிட்டது. கெட்டிமேளம் கொட்டினால் பெர்த்தில் வெறும் 'கர்'ரென்றுதான் கேட்கும். அளவைக் குறைத்தால் ஐயர் மந்திரம் கேட்காது. யாராவது பக்கத்திலேயே உட்கார்ந்து திருகிக்கொண்டிருக்க வேண்டும். வேறு யார், நான்தான். கல்யாணம் முழுக்க அந்த ஆபீஸ் அறையை விட்டு அசையப் போவதில்லை. அக்காவிடமும் சொல்லிவிட்டேன். "சரி சரி" என்றாள். காதில் வாங்கினாளா தெரியவில்லை.

29 மே, சனி

நான் ஒரு முட்டாள். முட்டாள்! முட்டாள்!

பெண்ணழைப்பு சாப்பாட்டில் ஐயர் வந்து சாதாரணமாகக் கேட்கிறார்: "கன்னிகாதானம் யார் பண்றா? தகப்பனார் இல்லையே. தாய்மாமன் நீங்கதானே?"

நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா என்னைப் பார்த்தாள். "ஏன்டா, உனக்குத் தெரியாதா? இத வேற வெத்தல பாக்கு வச்சு சொல்லணுமா?"

வயர், போர்ட், மோடம் எல்லாம் யோசித்தேனே, பூசணிக்கு நான் யார் என்பதை யோசிக்கவில்லையே! அவள் கையைப் பிடித்துக் கொடுக்க வேண்டியவன் எப்படி ஆபீஸ் அறையில் உட்கார்ந்திருப்பது? ஐயர் மூன்று தலைமுறைப் பெயர் வேறு கேட்பாராம். பெண்ணின் கொள்ளுத்தாத்தா, தாத்தா, அப்பா. மாப்பிள்ளை பக்கமும் அதே மாதிரி.

என்கோடரை அப்படியே விட்டுவிட்டுப் போக வேண்டியதுதான். அறுந்தால் அறுந்ததுதான். கடவுளே, அறுக்கக் கூடாது.

30 மே, ஞாயிறு

படுப்பதற்கு முன் எழுதிவிட வேண்டும்.

காலையில் லைன் ஏறியது. ஜெயராஜ் செராஸிலிருந்து என் கைத்தொலைபேசிக்குக் கூப்பிட்டான். "ஒரு ஆள் கேக்குறாங்க மச்சான்." ஒரே ஒரு ஆள். சிவா திறந்து வைத்த பிசியாகத்தான் இருக்க வேண்டும். முன்னால் மனிதன் இருக்கிறானா, வெறும் நாற்காலி இருக்கிறதா, யாருக்குத் தெரியும்? பூசணியிடம் "லைன் போகுது" என்றேன். அவள் தலையை மட்டும் ஆட்டினாள். அழுதால் மை கலைந்துவிடும் என்று மேக்கப் ஆன்டி முறைத்துக்கொண்டிருந்தார்.

கைபேசியை ஆபீஸ் மேசையிலேயே விட்டுவிட்டு, பட்டு வேட்டி கட்டி, தவமணியோடு மணவறையில் உட்கார்ந்தேன். மனமெல்லாம் ஆபீஸ் அறையில். சிவப்புக் கோடு எங்கே போயிற்றோ, மோடம் விளக்கு எரிகிறதோ. ஐயர் மாப்பிள்ளை பக்கம் கேட்டார். சுகுமாறனின் அப்பா தம்புசாமி சத்தமாகச் சொன்னார். அவருடைய அப்பா கன்னையாவின் பெயரைச் சொல்லும்போது தொண்டையைச் செருமிக்கொண்டார். அடுத்து என் பக்கம் திரும்பினார் ஐயர்.

"பொண்ணோட கொள்ளுத்தாத்தா?"

"அம்பலவாணர்."

"தாத்தா?"

"வைத்திலிங்கம்."

"அப்பா?"

"தியாகராசா."

ஐயர் அதையே மைக்கில் கணீரென்று சொன்னார். ஒரு தடவை சொல்லி, இரண்டாம் தடவையும் சொல்லி, தாரை வார்க்கச் செம்பை எடுத்தார். அந்த நேரம் பார்த்துக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு பழனியப்பன் ஓடி வருகிறார். மூச்சு வாங்குகிறது.

"சார், ஆஸ்திரேலியாலருந்து கால்! ஒரு அங்கிள். பயங்கரமா கத்துறாரு சார். கனகலிங்கம், கனகலிங்கம்ங்கிறாரு. பேர மாத்தச் சொல்றாரு."

அப்போதுதான் உறைத்தது. வைத்திலிங்கம் என் அப்பா! பூசணி அவருக்கும் பேத்திதான், ஆனால் தாய் வழிப் பேத்தி. இங்கே சொல்ல வேண்டியது அத்தானின் அப்பா கனகலிங்கம். பதற்றத்தில் என் அப்பா பெயரை எடுத்து அத்தான் தலையில் கட்டிவிட்டேன்.

எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. ஆனால் பூசணி... குனிந்திருந்த தலையைத் தூக்கிப் பழனியப்பனைப் பார்த்தாள். "அப்பா கேக்குறாரா?" என்றாள். பிறகு அழுதாள். மை கலைந்தது. மேக்கப் ஆன்டியே கைக்குட்டையை நீட்டினார்.

ஐயர் திரும்ப முதலிலிருந்து சொன்னார். கனகலிங்கத்தின் பெயர் வந்ததும் அக்கா சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். கையைப் பிடித்துக் கொடுத்தேன். பெண் கூறைச் சேலை மாற்ற எழுந்ததும் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஆபீஸுக்கு ஓடினேன்.

ஒலிபரப்பு செத்துக் கிடந்தது. புக்கிங் எதுவும் தவறக் கூடாதென்று பழனியப்பன் அந்த லைனுக்குக் கால் வெயிட்டிங் போட்டு வைத்திருக்கிறார். இன்னொரு கால் வந்து தட்டினால் மோடம் அறுந்துவிடும். கல்யாணப் பத்திரிகையில் இருந்த மண்டப நம்பரைப் பார்த்து அத்தான் கூப்பிட்டிருக்கிறார். தான் கேட்டுக்கொண்டிருந்ததைத் தானே அறுத்துவிட்டார்! ரிசீவர் மேசைமேல் கிடந்தது. எடுத்தேன். இன்னும் இருந்தார்.

"அத்தான்..."

"என்ர அப்பான்ர பேரை மாத்த நீ ஆரடா?"

"தப்புதான் அத்தான். ஐயர் திருப்பிச் சொல்லிட்டாரு."

"அதை நான் கேக்கேல்லையே! ஏன் நிப்பாட்டினனீ?"

நான் நிறுத்தவில்லை, நீங்கள்தான் என்று எப்படிச் சொல்வது? அதற்குள் பின்னால் சரசரவென்று சத்தம். கூறைச் சேலையில் பூசணி. அலங்கார அறை பக்கத்து அறைதான். கையை நீட்டினாள். கொடுத்தேன்.

"அப்பா."

ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். இப்போது வைத்துவிடுவார், இப்போது வைத்துவிடுவார்...

பிறகு எனக்கே கேட்டது, அவர் குரல் அவ்வளவு பெரியது. "நேரம் போகுது பிள்ள. போனை வை. நான் கேக்கோணும்."

அவள் வைத்தாள். கால் வெயிட்டிங்கை நிறுத்திவிட்டு நான் டயல் போட்டேன். மோடம் கீச்சிட்டுக் கத்திப் பிடித்துக்கொண்டது. பழனியப்பனை நாற்காலியில் உட்கார வைத்து, கெட்டிமேளம் கொட்டும்போது எதைத் திருக வேண்டும் என்று காட்டிவிட்டு ஓடினேன்.

தாலி ஏறியது. பெர்த்தில் எப்படிக் கேட்டதென்று தெரியாது.

31 மே, திங்கள்

காலையில் ஜெயராஜ் திட்டினான். "மச்சான், ஆஃப் பண்ணவே இல்லையா நீ? சாயங்காலம் வரைக்கும் ஓடியிருக்கு. அந்த ஒரு ஆளும் போகவே இல்ல."

மறந்தே போனேன். தாலி கட்டியதும் பந்தி, படம் பிடிப்பு, பெண்ணை ரவாங்குக்கு அனுப்புவது. அவ்வளவு நேரமும் காலி மண்டபம் பெர்த்துக்குப் போயிருக்கிறது. நாற்காலி அடுக்குகிற சத்தத்தை உட்கார்ந்து கேட்டிருக்கிறார் மனிதர்.

மத்தியானம் கிள்ளானுக்குப் போய் அக்காவிடம் இதைச் சொன்னேன். அவள் முகம் மாறிவிட்டது.

"சாயங்காலம் வரைக்குமா? அடப்பாவி! எல்லாரும் போனப்புறம் நான் மணவறையில அந்த மைக்குக்கிட்டத்தான்டா உக்காந்திருந்தேன். கால் வலி. தனியா இருந்தேன். அவர வாய்க்கு வந்தபடி திட்டுனேன்டா. இந்த நாலு மாசத்துக்கும் சேத்து."

"என்னன்னு?"

"எல்லாத்தையும்தான். அழுதேன் வேற. செத்த மைக்குன்னு நெனச்சு அதப் பாத்தே பேசிட்டேன். கடசியில... பைத்தியம் மாதிரி, நீங்க சாப்பிட்டீங்களான்னு வேற கேட்டேன்." தலையில் கையை வைத்துக்கொண்டாள். "அதான்! அதான் விஷயமா!"

"எது?"

"விடிஞ்சதும் போன் வந்துச்சு. அவரு. ஹலோகூட இல்ல. எடுத்ததும் 'நான் சாப்பிட்டனான்'னாரு. எனக்கு அப்ப ஒண்ணும் புரியலடா."