பச்சை வலைக்கு இந்தப் பக்கம்

மார்ச் 17, திங்கள்

கோடைக்கான அரைநாள் பள்ளி தொடங்கிவிட்டது. மதியம் வீட்டுக்கு வந்தால், ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் கீழே நைனா சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார். காலில் புத்தூர் கட்டு. எலும்பு நன்றாகக் கூடிவருகிறது, ஊன்றுகோல் வைத்து நடக்கலாம் என்று கட்டுப் போட்டவர் சொல்லிவிட்டார். நைனா நடப்பதில்லை.

வலியினால் அல்ல. வடமாலபேட்டை அருகே நாய் குறுக்கே வந்து நைனா ஓட்டிய ஆட்டோ சாய்ந்தபோது, பின்சீட்டில் செங்கம்மா பெரியம்மா இருந்தார். புத்தூர் சந்தைக்குக் காய் கொண்டுபோகிறவர். அவருக்கு மணிக்கட்டு பிசகிவிட்டது. "என் வண்டில ஒர்த்தருக்கு ஒரு கீறல் பட்டது கெடையாது" என்று நைனா ஒரே ஒரு முறை சொன்னார். அதற்குப் பிறகு பேச்சே இல்லை. யார் பார்க்க வந்தாலும் தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொள்கிறார். வருகிறவர்கள் பிரெட்டையும் மாதுளையையும் வைத்துவிட்டு, அம்மாவிடம் முழுக்கதையும் கேட்டுக்கொண்டு போகிறார்கள்.

இந்த அறையில் எனக்கே மூச்சு முட்டுகிறது. அவருக்கு?

மார்ச் 19, புதன்

நூலகத்தில் வீடு கட்டுவதைப் பற்றி ஒரு புத்தகம் கிடைத்தது. வெளியே உட்காரும் இடத்துக்கென்றே ஓர் அத்தியாயம். நிழல், காற்று, மறைவு இந்த மூன்றும் வேண்டுமாம். படத்தில் மரத்தடியில் ஒரு சோபா, பூந்தொட்டிகள், தொங்கும் விளக்கு.

நமக்கும் மரம் இருக்கிறது. வீட்டுக்கும் ரோட்டுக்கும் நடுவில் வேம்பு. அதன் கீழே உடைந்த செங்கல்லும் துருப்பிடித்த பீப்பாயும்தான் குடியிருக்கின்றன. அம்மாவிடம் வரைந்து காட்டினேன். "சோபாவுக்கு எங்க போவ?" என்றாள். ஆனால் சாயங்காலமே துடைப்பத்தோடு மரத்தடிக்குப் போனாள்.

மார்ச் 22, சனி

எத்திராஜ் மாமா, அம்மாவின் தம்பி, வேலை செய்த வீட்டில் மிஞ்சிய கடப்பா கல் துண்டுகளை டிராக்டரில் போட்டுக்கொண்டு வந்தார். மணல் பரப்பி, கல் பதித்து, இடுக்கில் சிமெண்ட் பூசினோம். நைனாவின் ஊன்றுகோல் வழுக்காமல் இருக்கச் சொரசொரப்பான பக்கத்தை மேலே வைத்தோம்.

மாமாவிடம் நன்றி சொன்னேன். "தேங்ஸெல்லாம் ஸ்கூல்ல வச்சிக்கோ. போயி டீ போடு" என்றார்.

மார்ச் 26, புதன்

சோபா கிடைத்துவிட்டது. புத்தூர் மெக்கானிக் ஷெட்டில், உடைக்கப் போட்ட ஓர் ஆட்டோவின் பின்சீட்டு. ஹாலோபிளாக் கல் அடுக்கி அதன்மேல் வைத்தோம். கிழிந்த ரெக்சினுக்கு அம்மா தன் நீலச் சேலையில் உறை தைத்தாள். பழைய டயரின் மேல் ஒரு கல்லை வைத்தால், மேசை. பெயிண்ட் பக்கெட்டுகளில் கனகாம்பரம். பிள்ளையார் சதுர்த்திக்கு வாங்கிய சீரியல் லைட் கிளையில்.

மறைவு மட்டும் பாக்கி இருந்தது. தக்காளி நாற்றுக்குக் கட்டும் பச்சை வலை மாமாவிடம் இருந்தது. ரோட்டுப் பக்கம் முழுவதும் இழுத்துக் கட்டினேன். இனி யாரும் நைனாவைப் பார்க்க முடியாது, எதுவும் கேட்க முடியாது. எனக்கே என்மேல் கொஞ்சம் பெருமை.

மார்ச் 30, ஞாயிறு, உகாதி

நைனா வெளியே வந்தார்.

அம்மா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். சீட்டில் உட்கார்ந்து அதைத் தடவிப் பார்த்தார். "இத்தினி வருசம் முன்சீட்டு. இன்னிக்கிதான் நானு பாசெஞ்சரு" என்றார். அவர் சிரித்து எத்தனை நாளாகிறது. அம்மா உகாதிப் பச்சடியை அவர் கையில் கொடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஆனால் ஒவ்வொரு ஹாரன் கேட்கும்போதும் வலையின் பக்கம் திரும்பினார். கொஞ்ச நேரத்தில், "நல்லாக் கீது பாப்பா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

நல்லா இருந்தா ஏன் உள்ள போவணும்?

ஏப்ரல் 1, செவ்வாய்

வரவில்லை.

ஏப்ரல் 3, வியாழன்

இன்றும் இல்லை. சீட்டு மெத்தையைத் திருப்பிப் போட்டேன். தண்ணீர்ப் பானை வைத்தேன். சீட்டை மரத்துக்கு இன்னும் நெருக்கமாக நகர்த்தினேன். புத்தகத்தை மறுபடி படித்தேன் – நிழல் இருக்கு, காத்து இருக்கு, மறைவு இருக்கு. இன்னா தப்பு பண்ணேன்? அம்மாவிடம் கேட்டால், "நீ கொஞ்ச நேரம் கம்முனு இரு" என்கிறாள். அழுகை வந்தது. பக்கெட்டுச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

மதியம் கரண்ட் போனது. உள்ளே இருக்க முடியாமல் நைனாவே ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு மரத்தடிக்கு வந்தார். பக்கத்தில் நான் படித்துக்கொண்டிருந்தேன். ரோட்டிலிருந்து ஒரு குரல்.

"யார்ரா உள்ள? நாத்தா, ஆளா?"

வலையைத் தூக்கிக் குனிந்து நுழைந்தது செங்கம்மா பெரியம்மா. நைனா எழுந்திருக்கப் பார்த்தார். கால் ஒத்துழைக்கவில்லை. தூங்குவதுபோல் கண்ணை மூடவும் நேரமில்லை.

"குந்து குந்து. இன்னாத்துக்கு இப்டி கோழி மாதிரி கூண்டு கட்டிக்கினு கீற?" என்று அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். "உன்னால அந்த திலீப்பு ஆட்டோல போய்க்கினு கீறேன். பாட்டு போட்டு போட்டு என் காதே போச்சி."

நைனா கல்தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தைத் திருப்பவில்லை. தலை நிமிராமலே நைனா, "கை வலிக்கிதாக்கா?" என்றார்.

"மழ வந்தா வலிக்கும். இந்த ஊர்ல எங்க மழ வருது?" மணிக்கட்டைச் சுழற்றிக் காட்டினார். "தோ பாரு. இந்தக் கையாலதான் காலையில கத்திரிக்கா கூடைய எறக்குனேன். அந்த நாய் மேல நீ ஏத்தியிருந்தா, அப்ப உன்னோட பேசியிருக்க மாட்டேன்."

நைனா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வியர்வை என்று எழுதிக்கொள்கிறேன். அம்மா மோர் கொண்டுவந்தாள். பெரியம்மா இரண்டு தம்ளர் குடித்துவிட்டு, நைனாவைச் சீக்கிரம் வண்டி ஓட்டச் சொன்னார்; ஊரில் மூன்று பேரின் குடும்பக் கதையையும் சொல்லிவிட்டுப் போனார்.

ஏப்ரல் 7, திங்கள்

பள்ளியிலிருந்து வந்தபோது நைனா மரத்தடியில் இருந்தார். தானாகவே.

"பாப்பா, அந்த வலய அவுத்துடறியா? பஸ்ஸு வர்றது தெரியல" என்றார். என் முகம் மாறியிருக்க வேண்டும். "எனக்காகத்தான் கட்டுன. தெரியும். அப்ப அதான் வேண்டியிருந்திச்சி" என்றார்.

அவிழ்த்தேன். சீட்டையும் ரோட்டைப் பார்க்கத் திருப்பினோம். புத்தகத்தின் மேல் கோபமில்லை. அதை எழுதியவருக்கு என் நைனாவைத் தெரியாது. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஏப்ரல் 14, திங்கள், சித்திரை முதல் நாள்

நம் வீட்டெதிரே பஸ் நிற்கும், ஆனால் நிழல் கிடையாது. இத்தனை வருடம் எல்லோரும் வெயிலில்தான் நின்றிருக்கிறார்கள். இன்று தெலுங்குக்காரர் ஒருவர், "அன்னா, புத்தூர் பஸ்ஸு போயிந்தா?" என்று கேட்டார். நைனா தெலுங்கிலேயே, இப்போதுதான் போனது, அடுத்தது வரும்வரை உட்காருங்கள் என்று சொல்லி நகர்ந்து இடம் கொடுத்தார். அவர் நைனாவின் காலைப் பார்த்துக் கேட்டதும், நைனா நாயிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னார். செங்கம்மா பெரியம்மாவின் மணிக்கட்டு பிசகியதையும் மறைக்கவில்லை.

சமையலறை ஜன்னலில் நின்று அம்மாவும் நானும் கேட்டோம். அம்மா கிளற மறந்ததில் பாயசம் அடிபிடித்துவிட்டது. யாரும் குறை சொல்லவில்லை.

ஏப்ரல் 20, ஞாயிறு

நாளை மறுநாள் கட்டு அவிழ்க்கிறார்கள். நைனாவைத் தன் வண்டியிலேயே கூட்டிப்போவதாக திலீப் அண்ணன் வந்து சொன்னார். "பாட்டு போட்டா எறங்கிடுவேன்" என்று நைனா சொன்னது உள்ளே வரை கேட்டது.

உள்ளேதான் உட்கார்ந்து எழுதுகிறேன். மரத்தடியில் சந்தைக்குப் போகிற பெண்கள், மாமா, ஒரு கைக்குழந்தை, இரண்டு கூடை. டயர் மேசையின் மேல்கூட யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள். எனக்கு இடமில்லை.