‘என்னங்க’வில் கேட்காத பாதி

மார்ச் 4

அன்புள்ள சின்னுவுக்கு,

நான் நலம். நீ நல்லபடியாகப் போய்ச் சேர்ந்ததை போனில் தெரிந்துகொண்டேன். தெரிந்துகொண்டேன் என்று சொல்வது ஒரு பெருமைக்குத்தான். நீ ஏதோ நீளமாகச் சொன்னாய், நானும் "சரி, சரி" என்றேன். வைத்த பிறகு யோசித்தால், எதற்கு சரி சொன்னேன் என்று தெரியவில்லை. உன் அக்காவின் காலில் கட்டைப் பிரித்தார்களா, புதிதாகப் போட்டார்களா? இப்படியே போனால் நீ கத்துவதில் அந்தத் தெருவுக்கே நம் வீட்டுக் கதை தெரிந்துவிடும். மெசேஜ் அனுப்பலாம் என்றால், என் விரல் ஓர் எழுத்தைத் தொட்டால் மூன்று விழுகிறது. அதனால் காகிதத்தை எடுத்துவிட்டேன். எழுத்துக்குக் கத்த வேண்டியதில்லை.

இன்னொரு செய்தி. திட்டாமல் படி.

காது மிஷின் வாங்கியதிலிருந்து எத்தனை தடவை அந்தக் கிளினிக்குக்கு நடந்திருப்போம். அந்த அறைக்குள் எல்லாமே நன்றாகக் கேட்கிறது. வெளியே வந்தால் தட்டு வைக்கிற சத்தம் மண்டையில் சுத்தியலாக இறங்குகிறது, பேச்சு மட்டும் பஞ்சுமூட்டைக்குள்ளிருந்து வருகிறது. மறுபடி போய்ச் சொன்னால் அந்த ஆடியாலஜிஸ்ட் பெண் கம்ப்யூட்டரில் எதையோ தட்டிவிட்டு, "இப்ப எப்படி சார் இருக்கு?" என்பாள். அந்த அறையில் நன்றாகத்தான் இருக்கும்.

மில்லில் மோட்டார் ஓடும் இடத்துக்குப் போய்த்தானே நாங்கள் மோட்டாரைச் சரிபார்த்தோம்? என் காது ஓடுகிற இடம் நம் வீடு. ஆகவே, என்னைப் போலவே மிஷின் மாட்டிய ஒருவர் மூலமாக ஒரு சின்னப் பெட்டியும், அதிலிருந்து மிஷினுக்குப் போகும் மெல்லிய ஒயர்களும் வரவழைத்திருக்கிறேன். பையன் விட்டுப்போன லேப்டாப்பில் அதற்கான சாஃப்ட்வேரையும் ஏற்றியாயிற்று. எந்தச் சத்தத்தை எவ்வளவு கூட்ட வேண்டும் என்பதை இனி வீட்டிலேயே மாற்றிக்கொள்ளலாம். கிளினிக்கில் வைத்திருந்த அளவை முதல் வேலையாகத் தனியே சேமித்துவிட்டேன். கெட்டுப்போனால் பழைய இடத்துக்கே திரும்பலாம்.

அக்காவுக்கு என் விசாரிப்பைச் சொல்.

உன்,
மாஜி மில் எலக்ட்ரீஷியன்

மார்ச் 10

அன்புள்ள உங்களுக்கு,

அக்காவுக்குக் கட்டைப் பிரிக்கவில்லை. புதிதாகவும் போடவில்லை. "கட்டில் வாங்கியிருக்கோம்" என்றுதான் போனில் சொன்னேன். நீங்கள் "சரி, சரி" என்றீர்கள்.

உங்கள் கடிதத்தை அக்காவிடம் படித்துக் காட்டினேன். "சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம்னு சொல்வாங்களே, அது இதுதான்" என்றாள். நான் அந்த அளவுக்குப் போக மாட்டேன். ஆனாலும் கேட்கிறேன். காது என்ன மில் மோட்டாரா, எரிந்துபோனால் புதுக் கம்பி சுற்றி மாட்ட? இருக்கிற கொஞ்சநஞ்சத்தையும் போக்கிக்கொண்டால் நான் எந்தக் கடையில் போய் வாங்குவேன்?

செய்யாதீர்கள் என்றால் கேட்க மாட்டீர்கள். கேட்காததற்கு இத்தனை நாள் காது ஒரு சாக்கு. ஒன்று மட்டும் செய்யுங்கள். எதையாவது மாற்றினால் அந்தப் பெண்ணிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். அவள் படித்தது சும்மா இல்லை.

அக்கா வாக்கரைப் பிடித்துக்கொண்டு நாலு அடி வைக்கிறாள். ஐந்தாவது அடிக்கு என்னைத் திட்டுகிறாள். நன்றாகத் தேறி வருகிறாள் என்று அர்த்தம்.

வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள். பிரிட்ஜில் வைத்ததை மறக்காதீர்கள்.

உங்கள்,
சின்னு

மார்ச் 21

அன்புள்ள சின்னுவுக்கு,

நீ சொன்னதுதான் நடந்தது. முதலில் நல்ல சேதியைச் சொல்லிவிடுகிறேன்.

சன்னமான சத்தங்களைக் கொஞ்சம் ஏற்றினேன். மிஷினை மாட்டிக்கொண்டு எழுந்தால் யாரோ என் பின்னாலேயே நடந்து வருகிறார்கள். நின்றால் அவரும் நிற்கிறார். என் செருப்புதான். குழாய் சொட்டுவது கேட்டது. பேப்பரைப் பிரித்தால் கூரையைப் பிரிக்கிற மாதிரி இருந்தது. நம் படுக்கையறைக் கதவு அப்படி அழுகிறது. எத்தனை காலமாக? நீ ஒரு வார்த்தை சொன்னதில்லையே. எண்ணெய் விட்டுவிட்டேன்.

ஆசை யாரை விட்டது. இவ்வளவு ஏற்றினால் இவ்வளவு கேட்கிறது, இன்னும் ஏற்றினால் என்ன என்று எல்லாவற்றையும் ஒரே இழுப்பில் மேலே தள்ளிவிட்டேன். கையைக் காதருகே கொண்டுபோனால் மிஷின் கீச்சென்று விசில் அடித்தது. அதோடு விட்டிருக்கலாம். சமையலறையில் ஒரு எவர்சில்வர் தட்டைக் கை தவறவிட்டேன். அப்படியே உட்கார்ந்துவிட்டேன், சின்னு. அன்று முழுக்கக் காதுக்குள் ரீங்காரம். இருந்ததும் போயிற்றோ என்று பயந்துபோனேன். உன் கடிதத்தை எடுத்து மறுபடி படித்தேன்.

மறுநாள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கிளினிக்குக்குப் போனேன். அந்தப் பெண் முகம் சுளித்தாள். முதலில் காதைச் சோதித்தாள். நல்ல வேளை, ஒன்றும் ஆகவில்லை. பிறகு என் கைவேலையைப் பார்த்தாள். "மெல்லிசான சத்தத்தைத்தான் கூட்டணும்னு நினைச்சீங்க சார். எல்லாத்தையும் கூட்டிட்டீங்க. இதோ, மேல ஒரு கோடு இருக்கு பாருங்க. பெரிய சத்தம் இதைத் தாண்டாமப் பாத்துக்கிறது இதுதான். இதை நீங்க தொடவே கூடாது. மத்ததை ஒவ்வொண்ணா, கொஞ்சம் கொஞ்சமா மாத்துங்க. மாத்தினா வந்து காட்டுங்க."

திட்டுவாள் என்று போனவனுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டு எல்லாம் சொல்லிக் கொடுத்தாள். கடைசியில், "வீட்டில யார் பேச்சு அதிகமா கேக்கணும்?" என்றாள். உன் பெயரைச் சொன்னேன். "அப்ப அவங்க குரலை வச்சே சரி பாருங்க" என்றாள்.

ஆகவே கொஞ்சம் பேசி, பதிவு செய்து அனுப்பு.

இன்னொன்று. படியில் கீழ்வீட்டு டெய்லரைப் பார்த்தேன். "அம்மா ஊர்ல இல்லையா சார்? காலையில பாட்டே இல்லையே" என்றார். "ரேடியோவா?" என்றேன். "ரேடியோ இல்ல சார், அம்மா பாடுவாங்களே, அதைக் கேட்டுக்கிட்டேதான் மிஷினை மிதிப்பேன்" என்றார்.

சின்னு, நீ பாடுவாயா?

உன்,
தட்டைத் தவறவிட்டவன்

ஏப்ரல் 5

அன்புள்ள உங்களுக்கு,

பதில் தாமதமாகிவிட்டது. அக்காவின் காலைக் காரணம் சொல்லலாம். அவள் ஊன்றுகோலோடு பால்கனி வரை போய் வருகிறாள், அதனால் அது பொய்யாகிவிடும்.

காதுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று படித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. கடைசி வரிக்கு வந்ததும் அந்த மூச்சு நின்றது. டெய்லரை வந்து பார்த்துக்கொள்கிறேன்.

ஆமாம், பாடுவேன். பழைய சினிமாப் பாட்டுதான். கல்யாணத்துக்கு முன்னாலும் சரி, பின்னாலும் சரி, யார் எதிரிலும் நான் வாயைத் திறந்ததில்லை. உங்களுக்குக் காது மந்தமான புதிதில் எனக்கு அழுகையாக வந்தது. ஒரே விஷயத்தைத் திருப்பித் திருப்பிச் சொல்லி அலுத்து, சின்னச் சின்னச் சமாசாரங்களைச் சொல்வதையே விட்டேன். அப்போது ஒருநாள் பாத்திரம் தேய்த்துக்கொண்டே முணுமுணுத்தேன். நீங்கள் கைக்கெட்டும் தூரத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தீர்கள். திரும்பவில்லை. கொஞ்சம் குரலை விட்டேன். அப்போதும் திரும்பவில்லை. அன்றைக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்ல? யாரும் பார்க்காமல் மழையில் நனைந்த மாதிரி இருந்தது.

பாட்டோடு நிற்கவில்லை. உங்கள் முதுகைப் பார்த்து உங்களைத் திட்டியிருக்கிறேன். உங்கள் தம்பியை, தம்பி பெண்டாட்டியை, பையனை, யாரையும் விட்டதில்லை. எல்லாம் சொல்லி முடித்ததும் மனசு துடைத்த மாதிரி ஆகிவிடும், டீ போட்டுக் கொடுப்பேன். "என் வீட்டுக்காரி மாதிரி பொறுமைசாலி யாரும் இல்லை" என்று நீங்கள் பார்ப்பவர்களிடம் எல்லாம் சொன்னீர்களே, அந்தப் பொறுமை இப்படி வந்ததுதான்.

உங்களுக்குக் கேட்டால் என்னைவிடச் சந்தோஷப்பட யார் இருக்கிறார்கள்? ஆனால் எனக்கு என்று இருந்த ஒன்று போய்விடும் போலவும் இருக்கிறது. இப்படி நினைப்பது தப்பா என்று அக்காவிடம் கேட்டேன். "நினைக்கிறது தப்பில்ல. அவர்கிட்ட சொல்லாம இருந்தாத்தான் தப்பு" என்றாள். சொல்லிவிட்டேன்.

குரலை அனுப்பச் சொல்லாதீர்கள்.

சின்னு

ஏப்ரல் 11

அன்புள்ள சின்னுவுக்கு,

உன் கடிதத்தைப் படித்து முதலில் சிரித்தேன். பொறுமைசாலி என்று கொடுத்த பட்டத்தைத் திரும்ப வாங்கப்போவதில்லை, பயப்படாதே. பிறகு, சின்னச் சமாசாரங்களைச் சொல்வதையே விட்டேன் என்ற இடத்துக்கு வந்ததும் சிரிப்பு நின்றது.

ஒரு ஏற்பாடு சொல்கிறேன். காலையில் நீ சமையலறையில் இருக்கும் நேரம் மிஷினைக் கழற்றி அதன் டப்பாவில் வைத்துவிடுவேன். பால்கனியில் பேப்பரோடு உட்கார்ந்துகொள்வேன். பாடு. திட்டு. தம்பி பெண்டாட்டியை என் பங்குக்கும் சேர்த்துத் திட்டு. வேலை முடிந்து நீ வந்து தோளைத் தொட்ட பிறகு மாட்டிக்கொள்கிறேன். மனத்தாங்கலில் சொல்லவில்லை. காது என்னுடையதாக இருக்கலாம், வாய் உன்னுடையது.

எனக்குக் கேட்க வேண்டியது வேறு. "டீ ஆறுது." "கதவைச் சாத்துங்க, கொசு வருது." "இன்னிக்கு பஸ்ல என்ன நடந்துச்சு தெரியுமா?" இத்தனை வருஷம் சொல்லாமல் விட்டவை எல்லாம். அதைச் சொல்கிற குரலைத்தான் கேட்டேன். பாட்டை நான் கேட்கவில்லை.

அதுவும் மனசு வந்தால்தான். வராவிட்டால் டிவியில் செய்தி வாசிக்கும் பெண்ணின் குரலை வைத்துச் சரிசெய்துகொள்கிறேன். அப்புறம் அவள் பேசினால்தான் எனக்கு நன்றாகக் கேட்கும். வருத்தப்படக் கூடாது.

உன்,
பால்கனிக்காரன்

ஏப்ரல் 19

அன்புள்ள உங்களுக்கு,

செய்தி வாசிப்பவள் வந்து உங்களுக்கு டீ போட்டுத் தரட்டும்.

உங்கள் லேப்டாப்புக்கு ஒரு பதிவு அனுப்பியிருக்கிறேன். என்ன பேசுவது என்று தெரியாமல் பேப்பரில் வானிலைச் செய்தியைப் படித்தேன். நடுவில் "யாருக்குடி மழை?" என்று கேட்பது அக்கா. அவளை நிறுத்த முடியவில்லை. பிறகு அவளே சொன்னாள், "பேப்பர் படிக்கிற குரலா அவருக்கு வேணும்? வீட்டில எப்படிக் கூப்பிடுவியோ அப்படிக் கூப்பிடு." கடைசியில் அதுவும் இருக்கிறது. நான் திரும்பப் போட்டுக் கேட்கவில்லை. கேட்டால் அழித்துவிடுவேன்.

காலையில் கழற்றி வைப்பதாகச் சொன்னது நிஜம்தானே?

அக்கா இப்போது தானே குளித்துக்கொள்கிறாள். இன்னும் கொஞ்ச நாளில் என்னைக் கிளம்பு என்று விரட்டுவாள்.

உங்கள்,
சின்னு

ஏப்ரல் 27

அன்புள்ள சின்னுவுக்கு,

கழற்றி வைப்பது நிஜம்தான். வாக்குக் கொடுத்தாயிற்று.

உன் குரலை வைத்து வேலை செய்தேன். சாப்பாட்டு மேஜையில் நீ உட்காரும் பக்கம் லேப்டாப்பை வைத்து, நீ பேசுகிற அளவுக்குச் சத்தத்தை வைத்து, என் நாற்காலியில் உட்கார்ந்தேன். கேட்பது, ஒன்றே ஒன்றைத் துளி மாற்றுவது, மறுபடி கேட்பது. ஒவ்வொரு நாளும் கொஞ்சம். உன் வானிலைச் செய்தி எனக்கு மனப்பாடம். கிளினிக்கிலும் காட்டினேன். "இந்தத் தடவை அடக்கி வாசிச்சிருக்கீங்க சார்" என்று சிரித்தாள்.

குரல் நான் நினைத்த மாதிரி இல்லை. என் ஞாபகத்தில் இருந்தது பழைய குரல். இது கொஞ்சம் தடித்து, ஓரத்தில் லேசாகக் கரகரத்து இருக்கிறது. எனக்குப் பிடித்திருக்கிறது.

இனி எழுதுவதை நீ அக்காவிடம் படித்துக் காட்ட வேண்டாம்.

பதிவின் கடைசியில் என்னைக் கூப்பிட்டாய். முதலில் எனக்கு "என்ன" என்று மட்டும் கேட்டது. எப்போதும் கேட்கிற மாதிரி. சன்னமான பேச்சை ஒரு துளி ஏற்றிவிட்டு மறுபடி போட்டேன். "என்னங்க" என்றாய்.

சின்னு, வருஷக்கணக்காக நீ என்னை "என்ன" என்றுதான் கூப்பிடுகிறாய் என்று நினைத்திருந்தேன். வயதாகிவிட்டது, கத்திக் கத்திச் சலித்துவிட்டாள், இனி என்ன ‘ங்க’ வேண்டிக்கிடக்கிறது என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். உன்னிடம் கேட்டதில்லை. எப்படிக் கேட்பது? அந்த ‘ங்க’ எங்கேயும் போகவில்லை. என் காதுதான் அதை வாசலிலேயே நிறுத்தி வைத்திருந்திருக்கிறது.

யாரும் இல்லாத வீட்டில் லேப்டாப்பைப் பார்த்து "என்னம்மா" என்று பதில் சொன்னேன். உடனே நீ மறுபடி மழை வரும் என்றாய். பதிவு திரும்ப ஓட ஆரம்பித்துவிட்டது.

அக்காவுக்குக் கால் ஆறட்டும், அவசரம் இல்லை என்று எழுத நினைத்தேன். எழுத வரவில்லை. சீக்கிரம் வா.

உன்,
நான்

மே 16
வீடு

என்னங்க,

நீங்கள் கடைக்குப் போயிருக்கிறீர்கள். நேரில் சொல்ல வெட்கமாக இருப்பதால் எழுதி உங்கள் பேப்பருக்குள் வைக்கிறேன்.

வந்த மறுநாளிலிருந்து பார்க்கிறேன். நான் சமையலறைக்குள் போனதும் மிஷினைக் கழற்றிவிடுகிறீர்கள். முதல் நாள் பழையபடி பாடினேன். நேற்று காஸ் சிலிண்டர்காரர் கதவை உடைக்கிற மாதிரி தட்டியும் நீங்கள் அசையவில்லை, நான் ஈரக்கையோடு ஓடினேன். இன்று பாதிப் பாட்டில் நிறுத்திவிட்டு உங்களை எட்டிப் பார்த்தேன். முதுகைக் காட்டிக்கொண்டு, பேப்பரில் ஒரே பக்கத்தைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தீர்கள். முன்பெல்லாம் கேட்காத மனுஷனாகத் தெரிந்தீர்கள். இன்று கேட்காமல் இருப்பதற்குக் கஷ்டப்படுகிற மனுஷனாகத் தெரிந்தீர்கள். எனக்கு மேலே பாட வரவில்லை.

அப்புறம் சாப்பிடும்போது பஸ்ஸில் நடந்த கதையைச் சொன்னேன். அந்தக் கண்டக்டர் சொன்னதை நான் தாழ்ந்த குரலில்தான் சொன்னேன். நீங்கள் சரியான இடத்தில் சிரித்தீர்கள். கடைசியாக எப்போது அப்படிச் சிரித்தீர்கள் என்று யோசித்துப் பார்த்தேன், ஞாபகத்துக்கு வரவில்லை.

நாளையிலிருந்து கழற்ற வேண்டாம். மாட்டிக்கொண்டே உட்காருங்கள்.

ஆனால் பால்கனியிலேயே இருங்கள். திரும்பிப் பார்க்கக் கூடாது. தாளம் போடக் கூடாது. டெய்லரோடு சேர்ந்து என்னைப் பற்றிப் பேசக் கூடாது. நடுவில் திட்டு வந்தால் வேறு யாருக்கோ என்று நினைத்துக்கொள்ளுங்கள், பெரும்பாலும் உங்களுக்காகத்தான் இருக்கும்.

முடிந்ததும் நன்றாக இருந்தது என்றெல்லாம் சொல்ல வேண்டாம். கேட்டது என்று மட்டும் சொல்லுங்கள்.

உங்கள்,
சின்னு