அப்பாவின் மாதங்கள்

லாட்டன், ஒக்லஹோமா
ஜனவரி 17

அன்புள்ள கேமிலுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்புகிறேன். வேலை செய்யும் கடையில் மிஞ்சும் டோனட்டை நான் சாப்பாட்டில் சேர்ப்பதில்லை.

போனில் பேசாமல் அம்மா ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று உனக்குத் தோன்றும். காரணம் உண்டு. போன ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டபோது என் இரண்டு கையிலும் மாவு. போனை ஸ்பீக்கரில் போட்டு அடுப்பு மேடையில் வைத்திருந்தேன். அப்பா கூடத்தில் கால்பந்து பார்த்துக்கொண்டிருந்தார். வழக்கம்போல அவருக்கு ஒன்றும் கேட்காது என்ற தைரியத்தில் நீயும் பேசினாய், நானும் பேசவிட்டேன். முந்தின நாள்தான் அவருக்குப் புதுக் காதுக்கருவி வந்திருந்தது. அவர் அதைப் போட்டுக்கொண்டிருக்கிறார் என்பதை நான் கவனிக்கவில்லை.

ஆக, நீ இந்தப் பருவத்தில் இரண்டே பாடம் எடுத்திருப்பது, அப்பாவுக்காகக் கல்விச் சலுகை மாதங்களை மிச்சம் பிடிப்பது, “அப்பாகிட்ட மூச்சு விடாதம்மா” என்றது, எல்லாம் அவர் காதில் விழுந்துவிட்டது. புதன்கிழமை வெண்டைக்காய் வறுத்துக்கொண்டிருந்தபோது வந்து நின்றார். “ஏன் நடீன், நான் அவகிட்ட எதையாவது திருப்பிக் கேட்டேனா?” என்றார். நான் அடுப்பை அணைத்தேன். “கேக்கல. ஆனா நவம்பர்ல நன்றித் திருநாள் வான்கோழிய வெட்டிக்கிட்டே அந்தக் காதுக்கருவி பொருத்துற படிப்பப் பத்தி அரை மணி நேரம் பேசினது யாரு?” என்றேன். “அது சும்மா வாய்ப்பேச்சு” என்றார். சும்மா பேசுகிற மனிதர் அந்தப் படிப்பு நடக்கும் கல்லூரியின் விளம்பரத் தாளை வண்டியின் வெயில் மறைப்பில் செருகி வைத்துக்கொண்டு ஊரைச் சுற்றுவதில்லை.

உனக்குத் தெரிந்ததுதான். உனக்கு ஒன்பது வயதானபோது அவர் பட்டாளத்தை விட்டு வரத் தயாராக இருந்தார். அரசாங்கம் மாதக் கணக்கில் படிப்புச் செலவைத் தரும் தன் கல்விச் சலுகையைப் பிள்ளைக்கு மாற்றி எழுத வேண்டுமானால் இன்னும் நான்கு வருடம் பணியில் இருக்க வேண்டும் என்றார்கள். வறுத்த கோழி ஒரு வாளி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, “குட்டிக்கு முப்பத்தாறு மாசப் படிப்பு வாங்கியாச்சு” என்றார். அந்த நான்கில் இரண்டாவது வருடம் காந்தஹாரில் பீரங்கிப் பக்கத்தில் அவருடைய இடது காது போயிற்று, வலதும் பாதி போயிற்று. நீ இதையெல்லாம் மனதில் வைத்துத்தான் செய்கிறாய் என்பது எனக்குப் புரியாமல் இல்லை. உன் மனசு நல்ல மனசு. உன் கணக்குதான் தப்பு.

இந்தச் சலுகை பற்றி இணையத்தில் படித்ததை நான் நம்பவில்லை. வெள்ளிக்கிழமை பள்ளி முடிந்ததும் இங்கே கல்லூரியில் முன்னாள் படைவீரர் பிரிவில் இருக்கும் வெர்னாவைப் பார்க்கப் போனேன். நம் தேவாலயத்தில் பாடுவாளே, அந்தக் கமான்சி பழங்குடிப் பெண்மணி. நீ செய்திருப்பதைச் சொன்னதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். “வருஷத்துக்கு நாலு பிள்ளைங்க இதே வேலையப் பண்ணிட்டு வந்து நிக்குதுங்க. எல்லாம் அப்பன் மேல உசிரா இருக்குற பிள்ளைங்க. மந்தமான பிள்ளைங்க இந்தத் தப்பப் பண்றதே இல்ல” என்றாள்.

விஷயம் இதுதான். பாதிப் பாடம் எடுத்தால் பாதி மாதம் கழியும். அது உண்மை. ஆனால் பட்டத்துக்கு வேண்டிய பாடங்கள் குறைவதில்லையே! பாதி பாதியாகப் படித்தால் இரண்டு மடங்கு காலம் ஆகும். கடைசியில் கழிகிற மாதங்கள் அதேதான். அப்பாவுக்கு ஒரு நாள்கூட மிஞ்சாது. அது மட்டுமல்ல, பாதிக்கு மேல் படிப்பவர்களுக்குத்தான் வாடகைப் பணம். அதை இழந்துவிட்டு, விடியுமுன் எழுந்து டோனட்டுக்குச் சர்க்கரை தூவிக்கொண்டிருக்கிறாய். “உடம்புக்கு நல்லதும்மா, சீக்கிரம் எழுந்திரிக்கிறேன்” என்று நீ சொன்னதை நான் அப்போதே நம்பவில்லை.

இப்போது மறுபக்கத்தைக் கேள். நான்கு பாடம் எடுத்தாலும் ஆறு பாடம் எடுத்தாலும் முழு நேரம் முழு நேரம்தான். கூடுதல் பாடத்துக்கு ஒரு நாள்கூடக் கூடுதலாகக் கழிக்க மாட்டார்கள். நீ பள்ளியிலேயே எடுத்து வைத்த கல்லூரிப் பாடங்கள் இருக்கின்றன. கோடை முழுக்க என்னைத் திட்டிக்கொண்டே எழுதினாயே, அவைதான். இந்தப் பருவமும் அடுத்த பருவமும் ஆறு ஆறாக எடுத்தால் ஒரு பருவம் முன்பே பட்டம் வாங்கிவிடுவாய் என்று வெர்னா சொல்கிறாள். மிஞ்சுவது நான்கு மாதத்துக்குக் கொஞ்சம் கூடுதல். நீ தொடாத மாதங்களை அப்பா திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.

அவர் படிப்புக்கு இரண்டு பருவம் வேண்டும், இது ஒன்றுக்குத்தானே காணும் என்றேன். வெர்னா மேசையைத் தட்டினாள். “டீச்சரம்மா, ரெண்டாவது பருவம் ஆரம்பிக்கிற அன்னைக்கு அவர் பேர்ல ஒரே ஒரு நாள் மிச்சம் இருந்தாப் போதும். நடுவுல தீர்ந்து போனாலும் அந்தப் பருவம் முடியிற வரைக்கும் அரசாங்கம்தான் பாத்துக்கணும். அதுதான் சட்டம்” என்றாள். நான் அவளை மூன்று முறை சொல்ல வைத்தேன். பிறகு சட்டத்தையே எடுத்துக் காட்டச் சொன்னேன். காட்டினாள். அரசாங்கம் எழுதியதில் நான் குறை காணாத வாசகம் அது ஒன்றுதான்.

ஆகவே, மெதுவாகப் போய் நீ அவருக்கு எதுவும் கொடுக்க முடியாது. வேகமாக முடித்தால் கொடுக்கலாம். ஆறு பாடம் சுலபமில்லை, அதுவும் உன் நிலவியல் பாடத்தின் பாறைகளோடும் வரைபடங்களோடும். உடம்பு தாங்காது என்று தோன்றினால் நான்கோடு நிறுத்திக்கொள். அதற்காக இந்த வீட்டில் யாரும் உன்னைக் குறைவாக நினைக்கப் போவதில்லை. அப்பாவின் ஆசைக்கு வேறு வழி தேடலாம். இதை நான் மனதாரச் சொல்கிறேன்.

அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். முதலில் முறுக்கிக்கொண்டார். “மகளோட மிச்சத்துல படிக்கிற ஆளா நான்?” என்றார். “உங்களோட மிச்சந்தான் அது, அவகிட்ட இருக்கு” என்றேன். காதுக்கருவியைக் கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டார். “செவிட்டு ஆள வகுப்புல எங்க உக்கார வைப்பாங்க?” என்று கேட்டார். “முதல் வரிசையில, பீரங்கி வீரரே” என்றேன். பிறகு, “அவ பட்டம் மொதல்ல இந்தச் சுவத்துல மாட்டணும். அப்புறந்தான் நான் போய்ப் பேர் குடுப்பேன்” என்றார். சொன்னதோடு நிற்கவில்லை. நேற்றுக் கூடத்துச் சுவரில் ஆணி அடித்துவிட்டார். ராணுவ முகாமில் பீரங்கிப் பயிற்சி நடக்கும்போதெல்லாம் நம் வீடு அதிருமே, அதைத் தாங்க வேண்டும் என்று இரண்டு ஆணி. அவற்றில் இப்போதைக்கு அவர் தொப்பி தொங்குகிறது.

அடுத்த வெள்ளிக்கிழமை வரை பாடம் சேர்க்கலாம் என்று உங்கள் பல்கலைக்கழகப் பக்கத்தில் போட்டிருக்கிறது. இந்தக் கடிதம் அதற்கு முன்பே உன் கைக்கு வந்துவிடும். சேர்த்துவிடு, கண்ணே. கடைக்காரரிடம் மரியாதையாகச் சொல்லிவிட்டு அந்த வேலையை விட்டுவிடு. காலையில் கொஞ்ச நேரம் கூடுதலாகத் தூங்கு.

ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு. அப்பாவுக்குத் தெரியும் என்று உனக்குத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே. அவரும் காட்டிக்கொள்ள மாட்டார். எத்தனை பாடம் எடுத்திருக்கிறாய் என்பதை மட்டும், எனக்குச் சொல்கிற மாதிரி, கொஞ்சம் சத்தமாகச் சொல். போனை நான் ஸ்பீக்கரில்தான் போட்டு வைத்திருப்பேன்.

கடவுள் உன் கூடவே இருக்கட்டும்.

உன் அம்மா,
நடீன்